ஏழரை மணி நேரம், எப்போதிலிருந்து?

நூல் விமர்சனமும் நாடக விமர்சனமும் படித்துப் பழகிய வாசகர்களுக்கு இக்கட்டுரை சற்று விந்தையாகத் தோன்றக்கூடும். நான் விமர்சிக்க எடுத்துக்கொண்டது கதையுமன்று, கவிதையுமன்று. அரசு ஏட்டில் உள்ள ஒரு விதி. 2017-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த தேசியக் குழந்தைக் காப்பகத் திட்டத்தின் நெறிமுறைகளில் அது இடம்பெற்றது. வேலைக்குச் செல்லும் தாய்மாரின் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான காப்பகம் மாதத்தில் 26 நாள்கள், நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது அந்த விதி. 2022-இல் இத்திட்டம் 'மிஷன் சக்தி'யின் கீழ்க் கொண்டுவரப்பட்டு 'பால்னா' எனப் பெயர் மாற்றம் பெற்றது. பால்னா என்றால் இந்தியில் தொட்டில். பெயரில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

ஏழரை என்றதும் சனி பகவானை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது வேறு கணக்கு. ஒரு நிகழ்ச்சி எவ்வளவு நேரம் நடந்தது என்று சொல்வது ஒன்று. எப்போது தொடங்கியது என்று சொல்வது மற்றொன்று. முன்னதைக் கால இடைவெளி என்றும், பின்னதைக் கணம் என்றும் வகுப்பில் பிரித்துச் சொல்கிறோம். மேலே கண்ட விதியில் இடைவெளி இருக்கிறது. அதைக் கணத்தோடு பொருத்திப் பார்த்தால் என்ன ஆகிறது என்பதை எங்கள் கடற்கரைக்கு வந்து பாருங்கள்.

நான் வசிப்பது பொம்மையார்பாளையம். புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டிய மீனவர் ஊர். விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்கே படகு கரையேறும் வேளையில் கூடையோடு நிற்பவர்கள் பெண்களே. மீனை ஏலத்தில் எடுத்து, வண்டி பிடித்து, புதுச்சேரிச் சந்தையில் உட்காரும்போதுதான் பொழுது புலரும். இதே சாலையில் வடக்கே சென்றால் மரக்காணம் உப்பளங்கள் வந்துவிடும். கோடையில் ஒருநாள் உவர்நீரின் அடர்த்தியை அளப்பதற்காக மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன்.

கடல்நீரில் கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அவற்றுள் நாம் சமைக்கப் பயன்படுத்தும் சோடியம் குளோரைடு சுமார் 27 கிராம். ஆகவே ஒரு கிலோ உப்பு கிடைக்க 36, 37 லிட்டர் நீர் ஆவியாக வேண்டும். ஒரு கிலோ நீர் ஆவியாவதற்குத் தேவையான உள்ளுறை வெப்பம் சுமார் 24 இலட்சம் ஜூல். பெருக்கிப் பாருங்கள், ஒன்பது கோடி ஜூலுக்குச் சற்றுக் குறைவாக வரும். தெளிந்த கோடை நாளில் ஒரு சதுர மீட்டர் தரையின்மீது விழும் சூரிய ஆற்றல் சுமார் இரண்டு கோடி ஜூல். நான்கு நாள் வெயில் முழுவதும் சிந்தாமல் சிதறாமல் நீரில் இறங்கினாலும், கடைக்காரர் உங்கள் கையில் கொடுக்கும் அந்த ஒரு கிலோவுக்கு அது போதாது. வெயிலும் காற்றும் கடுமையாக இருந்தால்தான் உப்பு விளையும். அதே வெயில் உப்பை வாருபவரின் தலைமீதும் விழுகிறது; வெண்மையான உப்பின்மேல் பட்டு மீண்டும் முகத்தில் அடிக்கிறது. ஆகவேதான் உப்பை வாரிக் கரையேற்றும் வேலையை விடியுமுன் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிக்கப் பார்க்கிறார்கள். உப்பளத்தின் கடிகாரத்தை ஓட்டுவது முதலாளியின் விருப்பம் மட்டுமன்று, வெப்ப இயற்பியலும்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழரை. (மீண்டும் ஏழரை!) வரப்பின் ஓரத்தில் நான்கு கம்புகளை நட்டு, மேலே ஒரு பழைய தார்ப்பாயைக் கட்டியிருந்தார்கள். அதனடியில் புடவையால் கட்டிய தூளி. உள்ளே ஒன்றரை வயதிருக்கும் குழந்தை ஒன்று வியர்த்து உறங்கிக்கொண்டிருந்தது. தலைச்சுமையை இறக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்த தாயிடம், "ஏம்மா, உங்க ஊர்ல பால்வாடி இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்குது சார். டீச்சரும் நல்லவங்கதான். ஆனா அவங்க தொறக்கறதுக்குள்ள எங்க பாதி வேல முடிஞ்சிடும். நாங்க மூணு மணிக்கே பொறப்படறோம். அப்பறம், இது இன்னும் சின்னது. இந்த வயசுக்கு மாவு குடுப்பாங்க, எட போடுவாங்க. வெச்சிக்க மாட்டாங்க."

நான் இரண்டு பக்கத்தில் எழுத வந்ததை அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். அவர் தொட்டுக் காட்டிய இடங்களைச் சற்று விரித்துச் சொல்வதுதான் எனக்கு எஞ்சிய வேலை.

முதலில் வயது. அங்கன்வாடி என்று நாம் அழைக்கும் மையங்கள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டன. தமிழ்நாடு இத்துறையில் பின்தங்கிய மாநிலமன்று. 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் உலக வங்கி உதவியோடு ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று தொடங்கிற்று. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாதவர்களுக்கு மட்டும் மையத்திலேயே சத்துணவு ஊட்டினார்கள். அளந்து பார்த்துச் செயல்படும் அம்முறை, அறிவியல் படித்தவன் என்ற முறையில், எனக்கு மிகவும் பிடித்தமானது. 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தது. இத்தனையும் உண்மை. ஆயினும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அங்கன்வாடி தருவது வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துமாவும், தடுப்பூசிக்கு அழைப்பும், எடைக்குறிப்பும்தான். மாவைப் பொட்டலமாகக் கொடுத்துவிடலாம். அதைக் கரைத்து ஊட்டும் கையைப் பொட்டலம் கட்ட முடியாது.

பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 800 முதல் 1,000 கிலோகலோரி வரை ஆற்றல் வேண்டும். அதன் வயிறோ சிறியது. பெரியவர்களைப்போல் இரண்டு வேளையில் நிரப்பிக்கொள்ள இயலாது. நான்கைந்து தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். தாய் விடியற்காலை மூன்று மணிக்குப் போய்ப் பதினொரு மணிக்குத் திரும்பினால் இவற்றுள் இரண்டு தடவையாவது தவறிப்போகும். மாத இறுதியில் எடைக்கருவி முள் இறங்கிக் காட்டும். உடனே, "தாய்க்கு ஊட்டச்சத்துப் பற்றிய அறிவு போதவில்லை" என்று எழுதிவிடுகிறோம். அறிவல்ல, ஆள் போதவில்லை.

இரண்டாவது, வெப்பம். குழந்தை என்பது சிறிய அளவில் செய்த பெரியவர் அன்று. பத்துக் கிலோ குழந்தையின் தோற்பரப்பு ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர். ஐம்பது கிலோ எடையுள்ள தாய்க்கு ஒன்றரைச் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு தோல் என்று வகுத்தால் குழந்தைக்கு 480 சதுர சென்டிமீட்டர், தாய்க்கு சுமார் 290. காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையைத் தாண்டிவிட்டால், இந்தக் கூடுதல் பரப்பு வழியாகக் குழந்தை, தாயைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலான வேகத்தில் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வியர்வையால் அதை வெளியேற்றும் திறனோ அதற்குக் குறைவு. கடலோரக் காற்றில் ஈரம் மிகுதியாதலால் அந்த வியர்வையும் எளிதில் உலர்வதில்லை.

அப்படியானால் வரப்பிலுள்ள தூளியை விடக் கட்டடம் மேலல்லவா என்று கேட்பீர்கள். எந்தக் கட்டடம் என்பதைப் பொறுத்தது. நண்பகலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒன்று 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுவதாக வைத்துக்கொள்வோம். ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் விதியின்படி அதன் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஏறத்தாழ 700 வாட் கதிர்வீச்சைக் கீழ்நோக்கி அனுப்பும். 30 டிகிரியில் உள்ள ஓலைக் கூரையானால் 480 வாட்தான். தரையில் படுத்திருக்கும் குழந்தைக்கு இந்த 220 வாட் வேறுபாடு சிறிய செய்தியன்று. கூரைக்கு வெளியே சுண்ணாம்பு பூசினாலும், உள்ளே பனையோலைத் தட்டி கட்டினாலும் பெரும்பகுதி குறைந்துவிடும். குழந்தைகளுக்கான மையங்களில் எடைக்கருவி இருக்கிறது. சுவரில் ஒரு வெப்பமானி மாட்டியிருப்பதை நான் கண்டதில்லை. தரமான கவனிப்பு என்று பேசுகிறவர்கள் பொம்மைகளையும் சுவரோவியத்தையும் எண்ணுகிறார்கள். எண்ணட்டும். கூரையையும் தொட்டுப் பார்க்கட்டும்.

மூன்றாவதாக, இவையனைத்தும் வந்து முட்டும் இடம் பணம். திட்டத்தை ஆதரிப்போர், "தாய்மாரின் வேலைநேரத்துக்கேற்பக் காப்பகத்தைத் திறந்தால் போயிற்று, யார் தடுத்தார்கள்?" என்பார்கள். யாரும் தடுக்கவில்லை என்றே கொள்வோம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வந்து திறப்பவர் யார்? 2017-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி 25 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500 ரூபாய் மதிப்பூதியம். மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி என்றால் 195 மணி நேரம். மொத்தம் 4,500 ரூபாயை 195-ஆல் வகுத்து, மீண்டும் 25-ஆல் வகுத்தால் ஒரு குழந்தையை ஒரு மணி நேரம் கவனிப்பதற்கு 92 பைசா கிடைக்கிறது! அச்சுப் பிழையன்று, நீங்களே போட்டுப் பாருங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பம் மாதம் 20 ரூபாய் கட்டினால் போதும் என்று வைத்திருந்தது பாராட்டத்தக்கது. ஆனால் அந்த மலிவு எங்கிருந்து வந்தது? ஓர் ஏழைத் தாயின் சுமையை இறக்கி மற்றோர் ஏழைப் பெண்ணின் தலையில் வைத்ததால் வந்தது. பின்னர் பால்னா திட்டத்தில் மதிப்பூதியம் உயர்த்தப்பட்டது. உயர்ந்த பிறகும் அதன் பெயர் சம்பளமன்று, மதிப்பூதியமே.

இவ்விடத்தில் என் வீட்டையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை. நானும் என் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் மகளைப் பார்த்துக்கொள்பவர் என் மாமியார். அவருக்கு நாங்கள் தரும் ஊதியம் 92 பைசாகூட இல்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தால் விடுப்பு எழுதுவதும் நானில்லை, என் மனைவிதான்.

சட்டம் என்ன செய்தது? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் காப்பகம் வேண்டும் என்றது. 1976-இல் அந்த எண்ணிக்கை முப்பதாகக் குறைக்கப்பட்டது. வெட்டவெளியில் உள்ள உப்பளம் தொழிற்சாலையாகுமா என்ற வழக்கு பம்பாய் மாநிலத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆகும் என்று 1961-இல் தீர்ப்பாயிற்று. கடல்நீரை உப்பாக்குவது உற்பத்திதான் என்று நீதிமன்றம் கூறியது, வேதியியல் ஆசிரியர்களுக்கும் மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் தனித்தனிக் குத்தகையாகப் பிரிந்து, பாத்திக்குப் பத்துப் பேர், பதினைந்து பேர் என்று வேலை நடக்கும் இடத்தில் முப்பது என்ற எண் எங்கே எட்டும்? ஆயிரம் பெண்கள் ஒரே சமவெளியில் நின்றாலும், ஏட்டில் அவர்கள் பதினைந்து பதினைந்தாகவே நிற்பார்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பெண்களை மட்டும் எண்ணாமல், ஐம்பது தொழிலாளர் என்று பொதுவாகக் கூறுகின்றன. குழந்தைக்குத் தகப்பனும் உண்டு என்பதைச் சட்டம் கண்டுகொண்டது நல்லதே. பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தவும் அவை வழி வைத்துள்ளன. உப்பளத்துக்குப் பயன்படக்கூடியது இப்பகுதிதான். ஆனால் ஐம்பதை எட்டாத குத்தகைக்காரரைச் சேரும்படி கட்டாயப்படுத்த அதில் என்ன இருக்கிறது?

வேலையிடத்துக்கே காப்பகம் போகும் என்பது கற்பனையன்று. 1969-இல் டெல்லியில், காந்தி நூற்றாண்டு விழாவுக்காகக் கட்டட வேலை நடந்த இடத்தில், மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் தொடங்கிய நடமாடும் காப்பகம், வேலை இடம் மாறியபோது தானும் இடம் மாறியது. உப்பளம் இடம் மாறுவதில்லை, பருவந்தான் மாறுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்கென 2022 முதல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை அளிக்கத் தொடங்கிற்று. உப்பின் நாள்காட்டியை அரசு படித்திருக்கிறது என்பதற்கு இது சான்று. நாள்காட்டியைப் படித்தவர்களுக்குக் கடிகாரத்தைப் படிப்பது கடினமா?

நெறிமுறையைத் திருத்தும் எழுதுகோல் என் கையில் இருந்தால் ஏழரை என்ற எண்ணைத் தொடமாட்டேன். அதன் முன்னால், 'அவ்வூரில் முதல் தாய் வேலைக்குப் புறப்படும் நேரத்திலிருந்து' என்று சேர்ப்பேன். மரக்காணத்தில் அது மூன்று மணி. பொம்மையார்பாளையத்தில் படகு வரும் நேரம். திண்டிவனத்தில் எட்டரையாக இருக்கலாம். விடியுமுன் வந்து திறப்பவருக்கு இரவுப் பணிக்குரிய கூடுதல் ஊதியம் என்று அடுத்த வரியில் எழுதுவேன். மூன்று வயதுக்கு உட்பட்டோர் பத்துப் பேருக்கு மேற்பட்டால் இன்னோர் ஆள். கூரைக்குச் சுண்ணாம்பு, சுவருக்கு வெப்பமானி.

அடுத்த பருவத்தில் உப்பு வாரத் தொடங்கியதும் எங்கள் மாணவர் இருவர் மீண்டும் மரக்காணம் போகவிருக்கிறார்கள். இம்முறை அடர்த்திமானியோடு இரண்டு வெப்பமானிகளும் போகின்றன. ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். அந்தத் தார்ப்பாயின் அடியில் காலை ஆறு மணி முதல் பதினொரு மணி வரை அரை மணிக்கொரு தடவை குறித்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.