லூத்தரின் பாவும் தமிழ்ப் பண்ணும்

பெங்களூர்க் கண்டோன்மென்ட்டில் 1910ஆம் ஆண்டளவில் உருவான பிரேசர் டவுன் தமிழ்க் கிறித்தவர் பலர் வாழும் பகுதியாகும். இத்தகைய பகுதிகளின் சீர்திருத்தத் திருச்சபை வழிபாட்டு மரபில், ஐரோப்பிய மெட்டிலமைந்த ஞானப்பாட்டும், பல்லவி சரணமெனச் செல்லும் கீர்த்தனையும் அருகருகே நிற்கின்றன. இவ்விரட்டை மரபை மதிப்பிடுதற்குரிய அளவுகோலை, செருமானிய ஞானப்பாட்டு மரபைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தரே தந்துள்ளார்.

1505இல் எர்பர்ட் நகர மடத்தில் சேர்ந்து அகஸ்டீனியத் துறவியான லூத்தர், 1517இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்ததன்வழிச் சமயச் சீர்திருத்தத்திற்கு வித்திட்டார். மடத்தில் இலத்தீனில் பாடிப் பழகிய அவர், சபையார் அனைவரும் தாய்மொழியில் பாடவேண்டுமென விழைந்தார். 1523இல் நண்பர் ஸ்பாலட்டினுக்கு எழுதிய மடலில், அரண்மனைச் சொற்களை விலக்கி எளிய மக்கள் சொற்களால் பாடல் இயற்றுமாறு வேண்டினார். 1524இல் வெளிவந்த எட்டுப் பாடல் தொகுப்பில் நான்கு அவருடையவை. 1525இல் எழுதிய நூலிலோ மேலும் ஒருபடி சென்றார். இலத்தீன் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு செருமானியச் சொற்களை அதில் பொருத்துவது வெறும் போலச்செய்தல் என்றும், சொல், அழுத்தம், மெட்டு ஆகிய யாவும் தாய்மொழியிலிருந்தே பிறத்தல் வேண்டுமென்றும் வற்புறுத்தினார்.

இக்கருத்து தமிழ் ஞானப்பாட்டிற்கும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. 1740இல் தமிழகம் வந்து, பின்னர்ச் சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் பணியாற்றிய பப்ரிசியுஸ், மூல மெட்டிலேயே பாடத்தக்கவாறு செருமானியப் பாடல்களைத் தமிழாக்கினார். எளிய மக்களுக்குரிய மொழி என்னும் லூத்தரின் நோக்கம் இவற்றில் நிறைவேறியது. ஆயின் செருமானிய யாப்பு அசையழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் யாப்போ குறில் நெடில் அளவைச் சார்ந்தது. எனவே மெட்டு நீளுமிடத்தில் குறிலும், குறுகுமிடத்தில் நெடிலும் அமைய நேர்கிறது. பொருள் தமிழாயினும் ஓசை தமிழாவதில்லை. லூத்தர் இலத்தீன் மெட்டில் கண்ட குறையே செருமானிய மெட்டில் மீண்டும் தோன்றுகிறது.

இக்குறை தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரிடம் (1774–1864) நீங்குகிறது. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, செருமானியரான சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த இவர், லூத்தரன் மரபைத் தழுவியும் அதன் மெட்டுகளுக்குள் ஒடுங்கவில்லை. கீர்த்தனை வடிவையும், ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் குறவஞ்சி வடிவையும் கையாண்டு, தமிழ்ச் சொல்லின் இயல்பான ஓசையிலிருந்தே இசையை எழுப்பினார்.

பல தலைமுறையினர் பாடிப் பாடித் தமதாக்கிக்கொண்ட ஞானப்பாட்டை அயன்மைப் படைப்பென ஒதுக்குதல் பொருந்தாது. எனினும் லூத்தரின் பாடல்களைத் தமிழுக்குத் தந்தது ஞானப்பாட்டு என்றால், அவரது பாடற்கொள்கையைத் தமிழில் நிறைவேற்றியது கீர்த்தனையே எனலாம்.