ஹைனேக்கு உரிய ஸ்தானம்

ஜெர்மானியக் கவிதை தத்துவத்தின் புத்திரி, எளிதில் விளங்கும் கவிஞன் அங்கே இரண்டாந்தரத்தவன் என்றதோர் அபிப்பிராயம் நம் விமர்சகரிடையே வேரூன்றிவிட்டது. ஹோல்டர்லினிலிருந்து ரில்கேக்கும், ரில்கேயிலிருந்து செலானுக்கும் தாவிச் செல்லும் இந்த வரலாற்றில், ஹைன்ரிஷ் ஹைனே (1797–1856) ஷூமனின் இசைக்கு வரிகள் தந்தவராக மட்டுமே எஞ்சுகிறார். இது பெரும் அநீதி என்பதே என் கட்சி.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரபுக்களின் சபைகளில் காதலைப் பாடிய வால்தர், அதே வாயால் போப்பாண்டவரின் பொருளாசையையும் கண்டித்துப் பாடினார். லூத்தர் பாமர ஜனங்களின் நாவுக்கேற்ற கீர்த்தனங்களை இயற்றினார். முப்பதாண்டு யுத்தத்தின் (1618–48) நாசத்தைக் கிரிஃபியுஸ் மறைபொருளின்றி எழுதினார். கெதே, ஷில்லர் ஆகியோரைப் பற்றி வாசகருக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1807 முதல் 1843 வரை டூபிங்கனில் ஒரு தச்சரின் வீட்டிலே சித்தம் கலங்கி வாழ்ந்த ஹோல்டர்லினின் மேன்மையையும் நான் மறுக்கவில்லை. ஆயினும், தெளிவும் தர்மாவேசமும் ஒன்றுகூடிய பிரவாகம் ஆதிமுதலே அம்மொழியில் ஓடிவந்திருக்கிறது. அது ஹைனேயிடத்திலேதான் பூரணம் பெற்றது.

டுஸ்ஸல்டார்ஃப் நகரத்து யூதக் குடும்பத்தில் பிறந்து, உத்தியோகத்துக்கு வழி திறக்குமென்று 1825இல் ஞானஸ்நானம் பெற்று, அதனாலும் வழி திறவாமல் 1831இல் பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்த அவருடைய நூல்களை, 1835இல் ஜெர்மானிய அரசுகளின் சம்மேளனம் தடை செய்தது. 1844 ஜூன் மாதம் சிலேசியாவின் நெசவாளிகள் பட்டினி பொறுக்காமல் கிளர்ந்தெழுந்து, பிரஷ்யப் படையால் சுடப்பட்டபோது அவர் எழுதிய பாட்டைப் பாருங்கள். தேசத்துக்கே சவத்துணி நெய்யும் அந்த ஏழைகள், கைவிட்ட கடவுளையும், கசக்கிப் பிழிந்த அரசனையும், பொய்த்துப்போன தாய்நாட்டையும் முறையே சபிக்கிறார்கள். அவையோ பிரஷ்யப் போர்வீரரின் தேசபக்தி முழக்கத்தில் இடம்பெற்ற அதே மூன்று! நெய்கிறோம் என்ற ஒரே வினை மீண்டும் மீண்டும் வந்து விழும்போது, சந்தமே தறியின் ஓசையாகிவிடுகிறது. எங்கல்ஸ் அவ்வாண்டிலேயே அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். இத்தகைய கவிதைக்கு ஆழமில்லை என்பவர், ஆழமென்று எதைத்தான் கருதுகிறார்?

1848இல் பக்கவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. சாகும்வரை, எட்டாண்டுக் காலம், அவர் எழுந்து நடமாடவில்லை. தொய்ந்துபோன இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பென்சிலால் பெரிய பெரிய எழுத்துக்களாக எழுதியும், பிறரைக் கொண்டு எழுதுவித்தும் அவர் முடித்த 'ரொமான்ஸெரோ' (1851), வேதனையைப் பற்றிய நூல்களிலே சுயபரிதாபத்துக்கு இடங்கொடாத அபூர்வ சிருஷ்டி. ஜெர்மானிய மொழியைக் கண்டவரெல்லாம் கையாளும்படி மலிவாக்கிவிட்டார் என்று 1910இல் வியன்னாவின் அங்கத எழுத்தாளர் கார்ல் க்ரவுஸ் அவர்மேல் குற்றம் சுமத்தினார். கூர்மதி படைத்த க்ரவுஸுக்கும் இது விளங்காமற்போனதே என்று வருந்துகிறேன். போலிகள் செய்த பிழைக்கு மூலகர்த்தா எவ்வாறு பொறுப்பாவார்? தெருப்பாடகனின் மெட்டிலே அதிகாரத்தை விசாரித்த பிரெக்ட் பிற்பாடு தோன்றியதற்கு வழிவகுத்தவர் ஹைனேயே அன்றி, ரில்கே அல்லர்.

பிறந்த நகரத்துப் பல்கலைக்கழகம் அவர் பெயரை ஏற்பதற்கே இருபதாண்டு வாக்குவாதம் நிகழ்ந்து, 1988இல்தான் அது தீர்மானமாயிற்று. ஜெர்மானியக் கவிதையைத் தமிழில் பெயர்க்க முற்படும் அன்பர்கள், ரில்கேயின் அடுத்த மொழிபெயர்ப்பைச் சிறிது ஒத்திவைத்து, 'ரொமான்ஸெரோ'வை முதலில் கையிலெடுப்பார்களாக.