‘பேங்-பேங் கிளப்’ நூலில் இதழாளரின் மனச்சுமையும் தொழில் அடையாளமும்

1993இல் சூடானில், பசியால் தளர்ந்து தரையில் குனிந்த குழந்தையையும் அதன் பின்னே அமர்ந்திருந்த பிணந்தின்னிக் கழுகையும் கெவின் கார்ட்டர் படம்பிடித்தார். அப்படம் 1994ஆம் ஆண்டின் புலிட்சர் பரிசைப் பெற்றது. அவ்வாண்டு ஜூலையில், 33ஆம் வயதில், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். குழந்தைக்கு உதவாத குற்றவுணர்வே அவரைக் கொன்றது என்னும் நீதிக்கதையாகவே இந்நிகழ்வு பெரிதும் சொல்லப்படுகிறது. அவருடன் பணியாற்றிய கிரெக் மரினோவிச், ஜுவாவ் சில்வா ஆகிய இருவரும் இணைந்து எழுதி 2000இல் வெளிவந்த ‘பேங்-பேங் கிளப்’ அக்கதையின் எளிமையைக் கேள்விக்குள்ளாக்குகிறது.

கார்ட்டர், கென் ஊஸ்டர்புரூக், நூலாசிரியர் இருவர் ஆகிய நால்வரும் நிறவெறி ஆட்சியின் இறுதி ஆண்டுகளில், தென்னாப்பிரிக்கக் கறுப்பினக் குடியிருப்புகளில் நிகழ்ந்த படுகொலைகளைப் படமெடுத்தவர்கள். கார்ட்டருக்குப் பரிசு அறிவிக்கப்பட்ட அதே ஏப்ரல் மாதம் 18ஆம் நாள், தோக்கோசாவில் ஊஸ்டர்புரூக் சுடப்பட்டு இறந்தார், மரினோவிச் படுகாயமுற்றார். நண்பரின் மறைவு, போதைப்பழக்கம், பணநெருக்கடி, இடைவிடாது கண்ட மரணங்கள் ஆகியவற்றினிடையே கார்ட்டரின் முடிவை வைத்துப் பார்க்க நூல் வழிசெய்கிறது. சூடான் படம் அச்சுமைகளுள் ஒன்றேயாகும். ஆந்தனி ஃபைன்ஸ்டைன் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வும் இப்பார்வைக்கு வலுச்சேர்க்கிறது. அதில் இடம்பெற்ற 140 போர்க்களச் செய்தியாளருள் நேர்காணப்பட்ட ஒரு பகுதியினரில் 28.6 விழுக்காட்டினர் தம் வாழ்நாளில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய்க்கு ஆளாகியிருந்தனர். எனவே இதனைத் தனியொருவரின் மனத்தளர்ச்சியாக மட்டும் கொள்ளாது, தொழில்சார் இடராகவும் கருதுதல் வேண்டும்.

தொழில் அடையாளம் பற்றிய நூலின் பார்வை இருமுகம் கொண்டது. ‘குழு’ என்னும் உணர்வு ஆபத்தில் துணையாகிறது. அதே வேளையில், அஞ்சாமையையே தகுதியாக்கி, தளர்ச்சியை வெளிப்படுத்தத் தடையாகவும் அமைகிறது.

நூலின் வரம்பும் அக்குழுவிலேயே உள்ளது. நால்வரும் வெள்ளையர், மோதல் முடிந்தபின் வேறு பகுதியிலுள்ள வீட்டிற்குத் திரும்பக்கூடியவர்கள். நிறவெறி அரசால் 586 நாள்கள் தனிமைச் சிறையில் அடைக்கப்பட்ட பீட்டர் மகுபானே போன்ற கறுப்பினப் படப்பிடிப்பாளர்க்கு அத்தகைய இடைவெளி வாய்க்கவில்லை. நால்வரின் நட்பையே சட்டகமாகக் கொண்டமையால், அவர்களது மனச்சுமை நூலின் விளிம்பிலேயே நின்றுவிடுகிறது.

செய்தியாளரின் துயரைத் தனிமனிதக் குற்றவுணர்வாகச் சுருக்கும்போது, அவரைக் களத்திற்கு அனுப்பிய நிறுவனத்தின் பொறுப்பு மறைகிறது. அவ்வாறு சுருக்காமல் வாசிக்கத் தூண்டுவதே இந்நூலின் பயன். அவ்வாசிப்பைக் குழுவிற்கு வெளியே இருந்தோருக்கும் விரிப்பது அடுத்துவரும் ஆய்வுகளின் கடன்.