பேய் பாடிய பண்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் கிருபாகர சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலில் என்றாலும் மஞ்சவனப்பதி முருகன் கோயிலில் என்றாலும் பூசையில் பஞ்சபுராணம் ஓதும் ஒழுங்கு ஒன்றுதான்: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம். பதினோராம் திருமுறைக்கு இந்த வரிசையில் இடமில்லை. ஆனால் பெரியபுராணம் என்றதும் பலருக்கு முதலில் வாயில் வருவது, காரைக்கால் அம்மையார் இறைவனின் ஆடும் அடிக்கீழ் இருந்து பாட வரம் கேட்கும் பாட்டு. அம்மையாரைப் பற்றிச் சேக்கிழார் பாடியதை ஊரெல்லாம் கேட்கிறது. பதினோராம் திருமுறையில் இருக்கும், அம்மையார் தாமே பாடியதை ஓதக் கேட்பது அருமை.

அம்மையார் பாடியது பேயையும் சுடலையையும். அப்படிப் பயங்கரத்தை எழுதியவர்கள் இசைக்குள் புகுந்த கதை மேற்கில் எட்கர் அலன் போவிலிருந்து சொல்லப்படும். அவருடைய மணிகள் பற்றிய கவிதையின் ரஷ்ய மொழிபெயர்ப்பை வைத்து ராக்மானினோவ் 1913இல் பெரியதொரு இசைக்கோவை செய்தார். டெபுஸி, இடிந்து விழும் அஷர் மாளிகையின் கதையை ஓபராவாக்க 1908 முதல் ஏறத்தாழப் பத்து வருடம் மாரடித்து, முடிக்காமலே 1918இல் கண்ணை மூடினார். அங்கே எழுத்தாளர் கதையைக் கொடுத்தார். இசைக்கு வடிவம் முன்னமே இருந்தது. தமிழில் நடந்தது மறுவளம். பேயைப் பாடியவரே பாடும் வடிவத்தையும் தந்தார்.

அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. சொல்லுக்குச் சொல் சுடலைதான். ஒரு பேய் கள்ளிக் கவட்டில் காலை நீட்டி இருந்துகொண்டு, எரிந்து முடியும் கொள்ளியை எடுத்து மசித்துக் கண்ணுக்கு மை தீட்டுகிறது, சிரிக்கிறது, எதையோ கண்டு வெருண்டு துள்ளுகிறது. பிணத்தீ சுட்டுவிட, கோபம் வந்து புழுதியை அள்ளிப் போட்டு நெருப்பை அவிக்கப் பார்க்கிறது. இன்னொரு பேய் தன் பிள்ளைக்குக் காளி என்று பேர் வைத்து, தூசி துடைத்து, பால் கொடுத்துவிட்டு எங்கேயோ போய்விடுகிறது. தாயைக் காணாத பிள்ளை அழுது அழுது அப்படியே உறங்கிப்போகிறது. போவின் கதைகளில் எனக்கு ஒருபோதும் வராத நடுக்கம் இந்தப் பேய்க்குழந்தையிடம் வருகிறது. பயத்தின் நடுவில் இரக்கத்தை வைத்தவர் அம்மையார்.

அதே முதற்பதிகத்தில் ஒரு பாட்டு முழுக்க இசையே. துத்தம், கைக்கிளை, விளரி என்று சுரங்கள் வருகின்றன. கொக்கரை, தக்கை, வீணை, மத்தளம், தமருகம், குடமுழா, மொந்தை என்று வாத்தியங்கள் அடுக்கி வருகின்றன. ஆலங்காட்டுச் சுடலையில் ஒரு முழு மேளக்கச்சேரி நடக்கிறது. கேட்டு எழுதியவர் இல்லை, கூட இருந்து தாளம் போட்டவர் என்பதை வார்ப்புக்காரர்களும் விளங்கிக்கொண்டார்கள். கன்சாஸ் சிட்டி அருங்காட்சியகத்தில் இருக்கும் சோழர்காலப் படிமத்தில் என்பு தோன்ற மெலிந்த அம்மையார் கையில் தாளத்தோடுதான் இருக்கிறார்.

வடிவத்துக்கு வருவோம். கடைசிப் பாட்டில் பாடியவர் தம் பேரைச் சொல்லி, பாடுவோருக்கு வரும் பலனையும் சொல்லி முடிக்கும் பதிகம் தேவாரத்தின் அடையாளம் என்றுதான் நாங்கள் படித்தோம். திருஞானசம்பந்தருக்கு முன்னமே அம்மையார் அதைச் செய்துவிட்டார். கையொப்பம் 'காரைக்கால் பேய்'. பண்களும் அப்படியே. அவருடைய முதற்பதிகம் நட்டபாடை, இரண்டாவது இந்தளம். சம்பந்தரின் முதலாம் திருமுறை நட்டபாடையில் தொடங்குகிறது, இரண்டாம் திருமுறை இந்தளத்தில். தொகுத்தவர்களின் வரிசை அது. என்றாலும் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை.

சம்பந்தர் அந்தக் கடனை மறக்கவில்லை. அம்மையார் தலையால் நடந்த ஆலங்காட்டில் கால் வைக்கக் கூசி அயலூரில் தங்கினார் என்பது பெரியபுராணம். அங்கே பாடிய பதிகத்தின் முதற்பாட்டிலேயே, வஞ்சித்து உயிர் வாங்கிய ஒருத்தியால் பழையனூர் அஞ்சிய கதையைத் தொடுகிறார். அவள் நீலி என்ற பேய் என்பார்கள் உரைகாரர். ஆக, பேயை அவர் முழுக்கத் துறக்கவில்லை.

பேயைத் துறந்தது பின்னால் வந்த மேடைதான். வடிவத்தை வைத்துக்கொண்டு சுடலையை விட்டுவிட்டது. 1973இல் ஏ. பி. நாகராஜன் எடுத்த 'காரைக்கால் அம்மையா'ரில் கே. பி. சுந்தராம்பாள் குரலில் பக்தி இருந்தது, மாங்கனி இருந்தது. கள்ளிக் கவட்டில் இருந்த பேய்க்கு அங்கே என்ன வேலை? எங்கள் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. செத்த வீட்டில் திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடிப்பதோடு பாட்டு வீட்டு முற்றத்தில் நின்றுவிடுகிறது. அதற்கப்பால் சுடலைக்குப் பெண்கள் போவது வழக்கமில்லை. சுடலையிலேயே குடியிருந்து பாடிய ஒரு பெண்ணை இந்த ஒழுங்குக்குள் எங்கே வைப்பது?

இத்தனைக்கும் அம்மையாரின் அந்த இரண்டு பண்ணும் கொக்குவிலில் அடிக்கடி கேட்கிறது. நட்டபாடையை இன்று கம்பீரநாட்டையில் பாடுகிறார்கள். திருவிழாவில் சுவாமி வெளிவீதிக்குப் புறப்படும்போது நாதஸ்வரகாரர் மல்லாரி வாசிக்கும் இராகம் அதுதான். இந்தளத்துக்குச் சொல்லப்படும் மாயாமாளவகௌளை, சங்கீத வகுப்பில் சின்னப்பிள்ளைகள் சரளிவரிசை படிக்கும் இராகம். புறப்பாட்டு இராகமும் அரிவரி இராகமும் பேயம்மையின் பண்களாகவே இருக்க, பதிகம் மட்டும் புத்தகத்தில் கிடக்கிறது. கே.கே.எஸ். வீதியால் கொஞ்சத்தூரம் போனால் மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கிய இராமநாதன் இசைக்கல்லூரி. மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்த இடம். பண்ணும் தெரிந்து, சுரமும் தெரிந்து வெளியே வரும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. பங்குனிச் சுவாதியில் அம்மையாருக்குக் குருபூசை வருகிறது. அன்றைக்காவது பஞ்சபுராணத்தோடு சேர்த்து அந்தப் பேய்க்குழந்தைப் பாட்டையும் யாராவது ஓதலாம். ஆகமம் ஒன்றும் தடுக்காது, பழக்கம்தான் தடுக்கிறது.