வயிற்றினுட் கிடைக்கும் சான்று: இரைகௌவிப் பூச்சிகளின் உணவாராய்ச்சி பற்றியதொரு மதிப்பீடு

நானு ஓயாவிலிருந்து பதுளை நோக்கி ஏறும் புகையிரதம் அம்பேவலையைக் கடந்து பட்டிப்பொலவை அடைகின்றது. கடல் மட்டத்துக்கு 1,890 மீற்றருக்கு மேல் அமைந்த இந்நிலையமே இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயர்ந்தது. வந்த வழியில் தேயிலை. சுற்றிலும் மரக்கறித் தோட்டங்கள். அப்பால் ஓட்டன் சமவெளிக் காடு. இவ்விடத்தில் ஓர் இலையின் அடியில் ஒடுங்கியிருக்கும் சிலந்தியைக் காணும் மாணாக்கன் ஒருவன், “இது நேற்றிரவு எதை உண்டது?” என வினவுவானாயின், அவ்வினா எளியது, விடையோ அரியது. சிற்றுயிர்களின் வேட்டை பெரும்பாலும் இருளிலும் மறைவிலும் நிகழ்வது. அதனை நேரிற் கண்டோர் மிகச் சிலர். இக்காலத்து அறிஞர் அப்பூச்சியின் உணவுக்கால்வாயில் எஞ்சிய டீ.என்.ஏ.யைப் பிரித்து, அதன் வரிசையைப் படித்து விடை கூறுகின்றனர். அவ்விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது வெறும் அறிவு விளையாட்டன்று என்பதற்கு மலைநாட்டின் வரலாறே சான்று பகரும். தேயிலையின் தளிர்களைப் பட்டிழையாற் பிணைத்து அவற்றினுள்ளே இருந்து தின்னும் இலைச்சுருட்டுப் புழு ஒருகாலத்தில் நம் தோட்டங்களைப் பெரிதும் வருத்தியது. 1935–36 ஆம் ஆண்டளவில் யாவாவிலிருந்து மக்குரோசென்றசு ஓமோனே என்னும் சிறு குளவி இங்குக் கொணரப்பட்டது. அது புழுவின் உடலினுள் முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பிகள் புழுவை உள்ளிருந்தே உண்டு அழிக்கும். குளவி மலைநாட்டில் நிலைபெற்றது. புழுவின் கொடுமை தணிந்தது. பின்னர், தேயிலைக் கிளைகளைத் துளைக்கும் சிறு வண்டை ஒழிக்கும் பொருட்டு டீல்ட்ரின் என்னும் நஞ்சு 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் இடைநாட்டுத் தோட்டங்களில் தெளிக்கப்பட்டது. வண்டு ஒடுங்கியது உண்மையே. ஆயின் அந்நஞ்சு குளவியையும் கொன்றமையால், அடங்கிக் கிடந்த இலைச்சுருட்டுப் புழு மீண்டும் பெருகிற்று. எவ்வுயிர் எதனை உண்கின்றது என்னும் கணக்கை எண்ணாது மருந்து தெளித்தால், ஒரு நோயைத் தீர்க்கப் புகுந்தவன் மற்றொன்றை விலைக்கு வாங்கியவனாவான்.

அக்கணக்கை அறிய முன்னோர் கையாண்ட முறைகள் பல. முதலாவது, பொறுமையுடன் கண்ணாற் காண்டல். இரண்டாவது, பூச்சியின் வயிற்றைக் கீறி, அங்குள்ள துணுக்குகளை நுணுக்குக்காட்டியில் வைத்து அடையாளம் காணல். கடித்து மெல்லும் வண்டுகளுக்கு இது பொருந்தும். சிலந்தி போன்றவை இரையின் உடலைக் கரைத்து நீராகவே உறிஞ்சுவதால், அவற்றின் வயிற்றில் அடையாளம் காணத்தக்க துணுக்கு எதுவும் இராது. மூன்றாவது, இரையின் புரதத்தை இனங்காணும் குருதிநீர்ச் சோதனை. 1960 இல் டெம்ப்ஸ்டர் இங்கிலாந்தில் இம்முறையாற் செடிவண்டு ஒன்றின் பகைவர்களை இனங்கண்டு வெளியிட்ட ஆய்வு இன்றும் மதிக்கப்படுவது. எனினும் ஒவ்வோர் இரைக்கும் தனித்தனியே சோதனைநீர் ஆக்க வேண்டியிருந்தமை இதன் குறை. எதைத் தேடுகின்றோம் என முன்னரே அறிந்திருந்தாலன்றி இம்முறை பயன்படாது.

அக்குறையை நீக்கியதே டீ.என்.ஏ. முறை. 1983 இல் மலிசு கண்டறிந்த பொலிமரேசுச் சங்கிலித் தாக்கத்தின் உதவியால் மிகச் சிறிய எச்சத்தையும் கோடிக்கணக்கான படிகளாகப் பெருக்கலாம். கலத்தின் இழைமணியிலுள்ள பரம்பரையலகு ஒன்றின் ஏறத்தாழ 650 மூலங்கள் கொண்ட பகுதி விலங்கினங்களுக்கு அடையாளக் குறியாகப் பயன்படும் என 2003 இல் எபேட்டும் அவர்தம் குழுவினரும் காட்டினர். சமிபாட்டினால் டீ.என்.ஏ. சிதைந்து விடுதலின், வயிற்றுச் சோதனையில் இப்பகுதியின் குறுந்துண்டங்களே படிக்கப்படும். படித்த வரிசையை முன்னரே தொகுத்து வைத்த வரிசைகளோடு ஒப்பிட்டால் இரையின் பெயர் தெரியவரும். இன்றைய கருவிகள் ஒரே வேளையில் இலட்சக்கணக்கான துண்டங்களைப் படிக்கவல்லன. ஆதலின் எதிர்பாராத இரையும் புலப்படுகின்றது. இதன் சிறப்பு இதுவே. இதனை மறுப்பார் எவருமிலர்.

நிற்க. நம் அளவை நூலார் காட்சி, கருதல், உரை என அறிவின் வாயில்களைப் பகுத்தனர். டீ.என்.ஏ. முறை இவற்றுள் எதன்பாற்படும்? கருவியின் நுட்பத்தைக் கண்டு மயங்குவோர் அதனைக் காட்சி என்பர். அது கருதலே என்பது எம் துணிபு. புகை கண்டு நெருப்புண்டெனத் துணிவது போல, வயிற்றில் எச்சம் கண்டு வேட்டை நிகழ்ந்ததெனத் துணிகின்றோம். பட்டிப்பொலவின் பனிமூட்டத்தைத் தூரத்தே கண்டு புகையென மயங்குவானுக்கு நெருப்புப் பற்றிய முடிபும் பிழைபடும். இம்முறையிலும் அத்தகைய பனிமூட்டங்கள் உள.

முதலாவது, உண்டமை கொன்றமையாகாது. முன்னரே இறந்து கிடந்த உடலைத் தின்ற வண்டின் வயிற்றிலும் அதே வரிசைதான் கிடைக்கும். செத்து அழுகிய நத்தையினப் பிராணியைத் தின்ற தரைவண்டுகளிலும் அதன் டீ.என்.ஏ. தென்படும் என்பதை 2005 இல் வெளிவந்த ஓர் ஆய்வு நிறுவிற்று. இரண்டாவது, இரையின் இரையும் தென்படும். செடிப்பேனைச் சிலந்தி உண்டு, அச்சிலந்தியை வண்டு உண்டால், வண்டின் வயிற்றிற் செடிப்பேனின் வரிசையும் வெளிப்படக் கூடும். செடிப்பேனை அழித்த நண்பன் என அவ்வண்டைப் புகழ்வோமாயின், நண்பனைக் கொன்றவனுக்கே மாலை சூட்டியவராவோம். மூன்றாவது, படிக்கப்பட்ட துண்டங்களின் தொகை உண்ட இரைகளின் தொகையன்று. சில இனங்களின் டீ.என்.ஏ. எளிதிற் பெருகும், சிலவற்றினது பெருகாது. நூறு துண்டம் கிடைத்தமையால் நூறு புழு இறந்ததெனக் கொள்ளுதல் பேதைமை.

நான்காவது, காலமும் குளிரும். ஒரே இனச் செடிப்பேனை உண்ட இரு பூச்சிகளை 2000 ஆம் ஆண்டில் ஒப்பிட்டபோது, கண்ணாடியிறகுப் பூச்சியின் குடம்பியில் எச்சம் ஏறத்தாழ 4 மணி நேரத்திலும், பொறிவண்டில் ஏறத்தாழ 9 மணி நேரத்திலும் பாதி அளவுக்குக் கண்டறிய முடியாததாயிற்று. ஆகவே ஒன்றில் எச்சம் மிகுதியாகக் கிடைத்தமையால் அதுவே மிகுதியாக உண்டதெனல் ஆகாது. மெல்லச் சமிக்கும் வயிறு நெடுநேரம் சாட்சி சொல்லும். குளிரிற் சமிபாடு தாமதிக்கும் என்பதும் அறியப்பட்டதே. வெப்பமான ஆய்வுகூடத்தில் அளந்த நேரத்தைப் பட்டிப்பொலவின் மார்கழி இரவுக்கு அப்படியே பொருத்துபவர் தவறான கணக்கையே பெறுவர்.

இவையாவும் நுணுக்கமான குறைகள் என ஒதுக்குவாரும் உளர். அவர்தம் முன் நம் யாவாக் குளவியையே வைப்போம். வளர்ந்த குளவி புழுவைத் தின்பதில்லை. அதன் குடம்பியே தின்கின்றது. தோட்டத்திற் பிடித்த குளவியின் வயிற்றை ஆராய்ந்து, அங்கே புழுவின் சுவடு காணாமையால், “இது பயனற்றது” என ஒருவர் முடிவு கூறின் என் செய்வது? குடம்பிப் பருவத்து உணவின் எச்சம் வளர்ந்த குளவிகள் சிலவற்றில் எஞ்சியிருப்பதை 2011 இல் ஆய்வாளர் காட்டியுள்ளனர் என்பது உண்மையே. எனினும் அது எல்லாவற்றிலும் கிடைப்பதன்று. மறுதலையாக, புழுவின் உடலை ஆராய்ந்தால் அதனுட் குளவியின் வரிசை கிடைக்கும். பூச்சியின் வாழ்க்கையை அறியாதவர் புழுவே குளவியை உண்டதென எழுதவும் கூடும்! எழுத்துகள் சரியாகப் படிக்கப்பட்டிருக்கும், பொருளோ தலைகீழாகியிருக்கும். மலைநாட்டுத் தேயிலைக்குப் பேருதவி புரிந்த ஓருயிரைக் கருவி மட்டும் கொண்டு மதிப்பிட்டால் நேரக்கூடிய தீங்கு இது.

இவ்வாறு கூறுதல் புதுமுறையை இகழ்தற்கன்று. கிளையைத் துளைக்கும் வண்டின் கதையே இரு முறைகளும் ஒன்றுக்கொன்று துணையாதலை விளக்கும். மரத்தைத் துளைப்பதைக் கண்டோர் அது மரத்தையே தின்பதாக எண்ணுவது இயல்பு. அது தன் துளையினுள் வளர்க்கும் பங்கசையே உண்கின்றது; அப்பங்கசை 1947 இற் காட், லூசு என்னும் இருவரும் விவரித்துப் பெயரிட்டனர். பொறுமையான நோக்கினால் விளைந்த பேறு அது. ஆயினும் அவ்வண்டு ஒரே இனமென நெடுங்காலம் கருதப்பட்டது. டீ.என்.ஏ. ஒப்பீட்டின் துணையால் 2018, 2019 ஆம் ஆண்டுகளில் அது பல இனங்களாகப் பிரிக்கப்பட்டது. இவ்வேறுபாடு கண்ணுக்கு எளிதிற் புலப்படாதது. உணவைக் கண் காட்டிற்று. இனத்தை வரிசை காட்டிற்று.

ஆதலின் எம் முடிபு இது. வரிசையறி முறை வினாவைக் கூர்மையாக்கும். எவ்விடத்திற் பார்க்க வேண்டும் எனச் சுட்டும். தீர்ப்பு வழங்கும் உரிமையை அதனிடம் ஒப்படைத்தலாகாது. இரைகௌவிகளை அகற்றியும் விடுத்தும் புழுவின் தொகை ஏறுகின்றதா, இறங்குகின்றதா எனக் களத்திற் சோதித்த பின்னரே ஒரு பூச்சியை நண்பனென்றும் பகைவனென்றும் துணியலாம். அதற்கு மேலும் ஒன்று வேண்டும். நாள்தோறும் கூடை சுமந்து நிரை நிரையாக நடந்து கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு, எந்த மலையில் எந்த மாதத்தில் தளிர் சுருண்டது, எங்கே புழு குறைந்தது என்பது எந்தக் கருவிக்கும் முன்னரே தெரியும். அவர்தம் சொல்லை உரையளவையாக ஏற்று, அதனை வினவி எழுதிக்கொள்ளும் பழக்கம் ஆய்வாளருக்கு உண்டாதல் வேண்டும். மலைநாட்டிற் பிறந்து நம் கல்லூரிகளிற் கற்கும் மாணவருக்கு இப்பணி பிறர் எவரினும் எளிது. அவர்தம் வீட்டிலேயே அச்சாட்சிகள் இருக்கின்றனர். காட்சியும் கருதலும் உரையும் ஒருங்கு கூடும் இடத்தில்தான் பட்டிப்பொலச் சிலந்தி நேற்றிரவு எதை உண்டது என்னும் வினாவுக்கு நம்பத்தக்க விடை பிறக்கும்.