பொத்தான் இருக்கும் சட்டை

சாத்தூர்ப் பக்கம் பழைய துணிக்கு எப்போதும் ஒரு வழி உண்டு. நைந்த நூல்சேலை தொட்டிலாகும். சரிகை ஓரம் உள்ளது பாத்திரக்காரரிடம் போய் எவர்சில்வர் சட்டியாக வீடு திரும்பும். மிச்சம் கரித்துணி. ஆனால் இன்னும் உடுத்தக்கூடிய துணியை, தேவைப்பட்டவர் தானே பார்த்து எடுத்துக்கொள்ளும்படி வைக்க இடம் வேண்டுமே? 2017-இல் ஆட்சியர் சந்தீப் நந்தூரி நெல்லையில் தொடங்கிய ‘அன்புச் சுவர்’ அப்படி ஓர் இடம். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனக் கடைகளில் பழைய துணியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்தக் காசு நிவாரணத்துக்குப் போகும். நம் சுவரில் கல்லாவே கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்தது, கொடுப்பதற்கு முந்தைய வேலை. ஊரில் துணி சேர்த்தால் பிரிக்க உட்கார்ந்துவிடுவேன். சட்டையை வெளிச்சத்தில் பிடித்தால் அக்குள் கிழிசல் தெரியும். காலர் மடிப்பில் விரலை ஓட்ட வேண்டும். மேல் பொத்தான் இல்லையா, அடியில் இருப்பதைப் பிரித்து மேலே தைத்துவிடலாம். சட்டையை உள்ளே விட்டால் யாருக்கும் தெரியாது. பாவாடைக்கு நாடா கோர்த்தே வைக்க வேண்டும். வாங்குகிறவருக்குச் செய்யும் மரியாதை இதுதான்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் உடுத்த முடியாத துணிகள் குவியலாகக் கிடந்தன. பிரிக்காமல் அனுப்பிய வினை. பிரித்துப் பார்த்தால் கிழிந்ததும் வீணில்லை. 1999-இல் அன்ஷு குப்தா டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு, கிழிந்த பருத்தியைக்கூட வெட்டி மாதவிடாய்த் துணியாகத் தைக்கிறது.

பள்ளிச் சீருடை வந்தால் மட்டும் தனியே கட்டி வைப்பேன். ஜூன் பிறந்ததும் தேடி வருவார்கள்.