ஜீனோவும் நம் படிப்பகமும்

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அறிவியல் புதினம். தனிமையில் படித்தபோது நம் நெஞ்சை அள்ளியது ஜீனோ! எந்திர நாய்தான்; ஆனால் ஏடு படிக்கிறது, எண்ணுகிறது, நிலாவுக்கே வழிகாட்டுகிறது. அதற்கப்பால் நாம் நோக்கினோமில்லை.

மதுரையில், வைகைக் கரையோரப் படிப்பகத்தில் அதைப்பற்றிக் கூடிப் பேசினோம். நெசவாளத் தோழரொருவர் கேட்டார்: "நாடே வணங்கும் தலைவன் ஜீவா வெறும் ஹோலோகிராம், ஒளிநிழல்! அந்த மக்கள் தொழுதது எதனை?" மன்றம் வாயடைத்தது. பிள்ளை பெறவும் அரசின் அனுமதிக்குக் காத்திருக்கும் நிலாவின் பக்கங்களை மீண்டும் புரட்டினோம். மனிதர் மறந்த சிந்தனையை நாய்க்கு ஏன் தந்தார் ஆசிரியர் என்பது அப்போதன்றோ விளங்கிற்று! பள்ளியில் பாடஞ்சொல்லும் நமக்கு நாணமாகவே இருந்தது.

ஆங்கிலம் மலிந்த நடை நமக்கு உவப்பன்று. இளையோர் ஒப்பவில்லை, அவ்வழக்கு இன்னும் தீரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு 'மீண்டும் ஜீனோ'.